நான் புதன், அவன் வியாழன்

என்னை எழுப்புவதற்கு முன்பே அம்மா என் தோளில் கூர்மைப் பட்டையை ஒட்டிவிடுவாள். தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். விழித்திருக்கும் பிள்ளை அடம்பிடிக்கும், தூங்கும் பிள்ளை பேசாமல் தோளைக் கொடுக்கும். பல் துலக்கும்போதே என் மனம் இயற்கணிதத்துக்குப் போயிருக்கும்.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுவரை எல்லோருக்கும் இந்த மருந்துப் பட்டை கட்டாயம். முதலில் கவனம் நிற்காத, கை ஓங்குகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்களாம். அவர்கள் நன்றாகப் படிப்பதைப் பார்த்து மற்ற பெற்றோருக்கு வயிறு எரிந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், சட்டமே வந்துவிட்டது.

பசியும் வளர்த்தியும் கெடாமலிருக்க வாரத்தில் ஒருநாள் மருந்து விடுப்பு உண்டு. எங்கள் வகுப்பில் ஆறு பேர், ஆளுக்கொரு கிழமை. இருவர் சேர்ந்து விடுப்பில் இருந்தால் அரட்டை வருமாம், அரட்டை வளர்ந்து அடிதடியாகுமாம். தெருவிலும் இப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறார்கள்.

நான் புதன். செல்வின் வியாழன். புதன்கிழமை நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவன் தலை நிமிரமாட்டான். வியாழக்கிழமை அவன் பேசுவான், என் காதில் விழும், அவ்வளவுதான். அவனை எனக்குப் பிடிக்கும் என்பதே புதனன்றுதான் எனக்கு உறைக்கும். மற்ற நாட்களில் அது எங்கே போய்த் தொலையுமோ தெரியாது. அவனால் பட்டையைத் திட்டவும் முடியாது. அது இல்லாவிட்டால் தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு எப்போதோ துரத்தியிருப்பார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

அவன் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். புதனன்று நான் முடிவெடுத்தேன்: நாளை பள்ளிக்குப் போகிற வழியில் பட்டையைப் பிய்த்துவிடுவேன், ஒரே ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து விழித்திருப்போம். அவனிடம் சொன்னேன். வேதியியல் கணக்குப் போட்டுக்கொண்டே தலையாட்டினான்.

வியாழன் காலை எல்லாம் நினைவிருந்தது. ஆனால் கை தோளுக்குப் போகவே இல்லை. தேர்வை வைத்துக்கொண்டு பட்டையைப் பிய்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. புதன்கிழமைக்காரி எடுத்த முடிவை வியாழக்கிழமைக்காரி நிறைவேற்றுவாள் என்று நம்பினேனே, நான் ஒரு மடச்சி.

செல்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"பிக்கலையா?"

"பரீட்சை இருக்கு," என்றேன்.

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"ஒன்ன விட்டா எனக்குப் பேச ஆளே கெடையாது, வதனி. நீ கேக்காட்டாலும் பரவால்ல, சொல்லிட்டுப் போறேன்."

மணி அடிக்கும்வரை சொன்னான். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த புதன்கிழமை, பட்டை இல்லாமல் விழித்தேன். மருந்து ஞாபகத்தை நன்றாகவே காப்பாற்றிக் கொடுக்கிறது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

திரையில் வந்தான். புதுப் பள்ளியிலும் அவனுக்கு வியாழன்தானாம். சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன், பிடிக்கும் என்பது உட்பட. கையில் பேனாவோடு மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"எல்லாம் ஞாபகம் வச்சுக்கிடுதேன், வதனி. இப்பப் பாடம் இருக்கு."

நாளைக்கு அவன் தோளில் பட்டை இருக்காது. நான் சொன்னதெல்லாம் அப்போது அவனுக்கு உறைக்கும். அழுவான், உடனே என்னைக் கூப்பிடுவான். நான் எடுப்பேன், பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். எனக்கு ஒன்றுமே வலிக்காது.