சங்கிலியின் முறை

வாடிப்பட்டிக்கு வெளியே, பழைய வீடு ஒன்றை இடித்து மாற்றிய டயாலிசிஸ் நிலையத்துக்கு முத்துமீனா வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பசுமலையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். முந்தின நாளும் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குள் மணல் அரைத்தது.

உள்ளே பினாயில் நெடி. அதற்கடியில் புளிப்பாக இன்னொரு நெடி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் படுக்கைகள் வரிசையாகக் கிடக்க, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் கூடத்துச் சுவரில் ஒரு திரை. அடுத்து யார், எந்தப் படுக்கை என்று அதில்தான் வரும். அதைச் சரிசெய்யத்தான் அவளை அலுவலகம் அனுப்பியிருந்தது. அதற்கான நிரலை எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அடுத்தவர்கள் எழுதிவிட்டுப் போனதைத் திருத்துவதே அவளுக்குப் பிழைப்பாகிப் போயிருந்தது.

பொறுப்பு நர்ஸ் நிலோபர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் முகத்திலும் தூக்கம் இல்லை. யாருக்கு அவசரமோ அவர் பெயர் மேலே வரும்படி திரை தன்னை அடுக்கிக்கொள்ளும் என்றும், அப்படி அடுக்கு மாறிய பிறகு ஒருவர் பெயரை அழுத்தினால் வேறு யாருடைய பதிவோ மாறிவிடுகிறது என்றும் சொன்னாள்.

பிழை சீக்கிரமே அகப்பட்டது. திரையில் பெயர்கள் மேலும் கீழும் நகர்ந்தாலும், அடியில் இருந்த தரவு ஆட்கள் வந்த வரிசையிலேயே கிடந்தது. பொத்தான் ஆளைப் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தது. மேலிருந்து மூன்றாவது பெயரை அழுத்தினால், மூன்றாவதாக வந்தவரைப் பிடித்தது. இடத்தை விட்டு அவரவர் அட்டை எண்ணைப் பிடிக்கும்படி முத்துமீனா மாற்றி எழுதினாள். தரவு மாறும்போதெல்லாம் திரையும் கூடவே மாறும்படி செய்தாள்.

திரை இருண்டு, மறுபடி ஒளிர்ந்தது.

எல்லாப் பெயர்களும் சரியாக இருந்தன. உச்சியில் மட்டும் ஒன்று அதிகமாக இருந்தது.

சங்கிலி. பேரையூர். நாலாம் படுக்கை. காத்திருக்கிறார்.

அடியில் இருந்த தரவில் தேடினாள். அப்படி ஒருவர் இல்லை. பழைய மிச்சம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று துடைத்துவிட்டுப் புதிதாகத் திறந்தாள். இருந்தார். பெயர்ப்படி அடுக்கிப் பார்த்தாள். ஊர்ப்படி அடுக்கிப் பார்த்தாள். மற்றவர்கள் ஏறி இறங்கினார்கள்.

சங்கிலி அசையவில்லை.

உச்சியில் இருப்பவரை அழைக்காமல் அடுத்தவரை அழைக்க அந்தத் திரை விடாது. அழைப்பு விழாமல் உள்ளே இயந்திரமும் தொடங்காது. அடுத்தவர் மொக்கைச்சாமி. கால் இரண்டும் வீங்கி, மூச்சுக்கு ஒருமுறை தோள் ஏறி இறங்க, சுவரில் சாய்ந்திருந்தார். அந்த வரியை மறைத்துவிட்டுக் கிளம்பி வரச் சொன்னார் அவள் முதலாளி, போனில். மறைத்தாள். கையை எடுப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது.

இது யார் என்று நிலோபரிடம் கேட்டாள்.

நிலோபர் திரையைப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. பயப்படவும் தெம்பில்லாதவள் போல மெல்ல உட்கார்ந்தாள். போன மாதம் கூட்டமான ஒரு நாளில், வேறொருவருக்குச் சிகிச்சை முடிந்தது என்று அவள் அழுத்தியது சங்கிலியின் பதிவில் விழுந்திருக்கிறது. அவர் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ பார்த்துச் சத்தம் போடும்போது நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆம்புலன்ஸ் மதுரையைத் தொடும்வரை உயிர் தாங்கவில்லை.

"அவரு பதிவ அப்பவே எடுத்துட்டோம் மேடம்," என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா அந்தம்மா வர்றத நிப்பாட்டல."

பெஞ்சின் கோடியில் ஒரு பெண் மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தாள். சங்கிலியின் மனைவி தங்கப்பொண்ணு. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். கூடம் நிறைந்திருந்தது. நின்றுகொண்டிருந்த யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை.

முத்துமீனா அருகே போனாள். அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்திருந்தது. ஈர மண் வாசனை அடித்தது.

"அவரு பேரக் கூப்பிடப் போறீகளா தாயி?"

முத்துமீனா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

"கேட்டா கோவிச்சுக்குவீகன்னு அன்னைக்கும் பேசாம இருந்துட்டாரு. இன்னைக்கும் அப்பிடித்தேன் உக்காந்திருக்காரு."

காலியான இடத்திலிருந்து, நீருக்கடியில் இழுப்பது போல ஒரு மூச்சுச் சத்தம் வந்தது.

முத்துமீனா திரும்பி நடந்தாள். அழிக்க இனி வழியில்லை, வாதாட உடம்பில் வலுவில்லை. மொக்கைச்சாமியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. சங்கிலியின் பெயருக்கு நேரே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

"சங்கிலி. நாலாம் படுக்கைக்கு வரவும்," என்றது ஒலிபெருக்கி.

கூடம் அடங்கியது.

பெஞ்ச் கிறீச்சிட்டது.

வீங்கிய பாதங்கள் தரையில் இழுபடும் சத்தம் மெதுவாக, மிக மெதுவாக, அவளைக் கடந்து போனது. யாரும் தொடாமல் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு கிழவர் நுழையும் நேரம் திறந்தே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

திரையில் இப்போது உச்சியில் மொக்கைச்சாமி இருந்தார். நிலோபர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டமும் நடையுமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீரானது கண்ணாடி வழியே தெரிந்தது.

முத்துமீனா மடிக்கணினியை மூடினாள். தங்கப்பொண்ணிடம், கூப்பிட்டாயிற்று, இனி வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

"எப்பிடித் தாயி போறது? இப்பத்தான உள்ள போயிருக்காரு. முடிய அந்தியாயிரும்ல."

கண்ணாடிக்கு அப்பால் நிலோபர் அலமாரியிலிருந்து மடித்த போர்வை ஒன்றை எடுப்பதை முத்துமீனா பார்த்தபடி நின்றாள். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது நோயாளிகளுக்கு நடுக்கம் எடுக்கும். நிலோபர் நாலாம் படுக்கைக்குப் போய், வழக்கமான வேலையைச் செய்கிறவள் போல, போர்வையை உதறி வெறும் மெத்தைமேல் விரித்தாள்.

போர்வை தட்டையாக விழவில்லை.