மூன்றாவது சைக்கிள்

மூன்றாவது வளைவிலேயே சுகுணாவுக்கு மூச்சு இரைத்தது. அவள் பாடம் நடத்தும் பள்ளி ஏழாவது வளைவில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஏறுதகுதித் தேர்வு. கார்கள் ஒழிந்த நாட்டில், சைக்கிளில் ஏற முடியாதவர்களுக்கு மலையில் வேலை கிடையாது.

இத்தனைக்கும் அவளுக்கு இணைவிசை இருந்தது. தாலி கட்டிய கையோடு மணமக்களின் சைக்கிள்களையும் இணைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். அச்சில் பொருத்திய விசைமாற்றி, ஒருவர் மிதிப்பதில் ஒரு பங்கைச் சாலைக்கடியில் ஓடும் கம்பி வழியாக மற்றவர் சக்கரத்துக்கு அனுப்பும். பலசாலி பலவீனரைச் சுமக்கலாம். நல்ல ஏற்பாடுதான், வாய்த்த ஆளும் நல்லவனாக இருந்தால்.

அவள் கணவன் தனபாலுக்கு மலையுச்சியில் அலுவலகம். ஆறு வருடமாகத் தான்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவளும் நம்பி, தினமும் சாயங்காலம் அவன் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவன் தள்ளியும் ஏற முடியவில்லையென்றால் இதயத்தில்தான் கோளாறு என்று பயந்து டாக்டர் ரெபேக்காவிடம் போனாள்.

டாக்டர் இதயத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளின் விசைப்பதிவைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

“உங்க இதயத்துக்கு ஒரு கொறையும் இல்லம்மா. ஆறு வருசமா நீங்க மூணு சைக்கிள மிதிச்சிட்டிருக்கீங்க.”

ஒன்று அவளுடையது. இன்னொன்று தனபாலுடையது. அவன் வழியாக விசை போய்ச் சேர்ந்த மூன்றாவது, அவன் அலுவலகத்து வினோதினியுடையது. பதிவில் பெயரே இருந்தது.

அவன் இன்னொருத்தியை நாடியதைவிட, தன்னையே கையாலாகாதவள் என்று நம்பவைத்ததுதான் சுகுணாவுக்கு ஆறவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவன் மறுக்கவும் இல்லை.

“இத்தன நாளா உனக்குத் தெரியவே இல்லையே. அப்புறம் உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?” என்றான்.

அவள் ஸ்பேனரை எடுத்து விசைமாற்றியைக் கழற்றினாள். பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் சமதரையில் போவதுபோல ஏறி முதலாவதாக வந்தாள். பள்ளி வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். தனபால் இரண்டாவது வளைவிலேயே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

மதியம் மலைப்பாதை அலுவலர் ஆணைத்தாளோடு வந்தார். துணையில்லாமல் ஏறும் பலசாலியோடு, அதே பாதையில் தோற்றுப்போன ஒருவரை இணைப்பது சட்டம் என்றும், மறுத்தால் ஏறும் உரிமை ரத்தாகும் என்றும் விளக்கினார். சுகுணா தாளை வாங்கிப் பார்த்தாள். தனபால் என்று போட்டிருந்தது.

அலுவலர் சிரித்தார். “நல்லவேளை மேடம், உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாவே அமைஞ்சிட்டாரு.”