லைப்ரரிக்குள் இன்னொரு பெயர்

புரோகிராம் செத்து விழுந்தது!

கென்யாவின் எல்டோரெட் நகர், பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறை. நெகேசா லேப்டாப்பை வெறித்தாள். திரையில் சிவப்பு எழுத்து... லைப்ரரி இணைப்புப் பிழை.

முன்னறையில் போட்டிக் கம்பெனியான கிபுயு டெமோ காட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது நெகேசாவின் கம்பெனி மூர்சிக். ஜெயித்தவருக்கே சங்கத்தின் பால் குளிரூட்டும் தொட்டிகளைக் கண்காணிக்கும் காண்ட்ராக்ட். தோற்றால் மூர்சிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்.

"லைப்ரரி ஃபைல் இருக்கா?" என்றாள் கூட வேலை பார்க்கும் ஜெரோட்டிச், மண்டாசிப் பணியாரத்தை மென்றபடி.

"இருக்கு. லோடும் ஆகுது."

"அப்புறம் என்னடி நோவு அதுக்கு?"

"ஜாவா கூப்பிடுது. சி பக்கத்துல ஏன்னு கேக்க நாதியில்ல."

"காலையில கிப்டூதானே லைப்ரரியைப் போட்டான்? அவனைக் கேளு."

"போனை எடுக்கல."

கிப்டூ, மூர்சிக்கின் பாதிப் பங்குதாரன்.

ஜாவா மொழிக்கு ஒரு வீம்பு உண்டு. சி மொழியில் எழுதி லைப்ரரி ஃபைலுக்குள் கட்டி வைத்த வேலையைக் கம்பெனி பெயரும் சேர்த்து முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அந்தப் பெயரில் ஆள் இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

நெகேசா லைப்ரரிக்குள் இருந்த பெயர்களைத் திரையில் கொட்டினாள்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள்.

மூர்சிக் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம்... கிபுயு!

"நான் எழுதின கோடிங், ஜெரோ. பேரை மட்டும் மாத்தி அவனுங்களுக்குக் குடுத்திருக்கான்."

"யாரு... உன் கல்யாணப் பரிசத்துக்கு எத்தனை மாடுன்னு பேச உன் பக்கத்து ஆளா வந்தானே, அவனா?"

"அவனேதான். அண்ணன் மாதிரி நெனச்சேன்டி."

அவனும் அவளும் ஒரே சப்பாத்தியைப் பிய்த்துத் தின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. அழ நேரமில்லை. தன்னிடமிருந்த அசல் கோடிங்கை எடுத்து, மூர்சிக் பெயரிலேயே லைப்ரரியைத் திரும்பக் கட்டினாள்.

ஓடியது! தொட்டியின் வெப்பநிலை திரையில் வந்து நின்றது.

"ஒன்னு புரியல," என்றாள் ஜெரோட்டிச். "அவனுங்களுக்குக் கட்டினது நம்மகிட்ட எப்படி வந்துச்சு?"

"ரெண்டு ஃபைலுக்கும் வெளிப் பேரு ஒன்னுதான். அவசரத்துல மாத்திப் போட்டிருக்கான்."

"அப்ப... நம்மளோடது?"

முன்னறையில் சலசலப்பு.

போன் அடித்தது. கிப்டூ!

"நெகேசா... ஒரு சிநேகிதனுக்காகக் கேக்குறேன். லைப்ரரி லோடாகுது, ஆனா கூப்பிட்டா..."

அதே குரல் கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

நெகேசா கதவைத் திறந்தாள்.

கிபுயுவின் மேசைக்குப் பின்னால் குனிந்து, போனைக் கையால் மறைத்தபடி கிப்டூ. பெரிய திரையில் அதே சிவப்பு எழுத்து.

"தலைவரே," என்றாள் சங்கத் தலைவரிடம். "அந்த லைப்ரரிக்குள்ள இருக்கிற பேரை எல்லாரும் பாக்கற மாதிரி போடச் சொல்லுங்க."

போட்டார்கள்.

மூர்சிக்... மூர்சிக்... மூர்சிக்...

தலைவர் கிபுயுக்காரர்களுக்கு வாசலைக் காட்டினார்.

"நெகேசா, நான் விளக்கமா சொல்றேன்..." கிப்டூ போனைப் பைக்குள் திணித்தான்.

"வேணாம். உன்னைவிட என் லைப்ரரி எவ்வளவோ தேவலை, கிப்டூ. வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டா அது போகமாட்டேங்குது!"