சித்தப்பாவின் கிடார் ஏன் முனகியது?

“ங்ங்ங்ங்ங்ங்...”

சமையலறையிலிருந்து அம்மா பங்கஜம் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இன்னா சத்தம் அது? வீட்டுக்குள்ள வண்டு பூந்துட்ச்சா?”

“வண்டு இல்லம்மா. சித்தப்பாவோட கிடார்” என்றாள் தேவகி.

கூடத்தின் நடுவில், நாற்காலியில் அமர்ந்திருந்தார் பரந்தாமன் சித்தப்பா. மடியில் சிவப்பு நிற மின்சாரக் கிடார். அவர் இன்னும் ஒரு கம்பியைக்கூட மீட்டவில்லை. அதற்குள் கிடார் தானாகவே முனக ஆரம்பித்துவிட்டது. தவழ்ந்துகொண்டிருந்த தம்பிப் பாப்பா தணிகைவேல் அப்படியே நின்று, வாயைத் திறந்து கேட்டான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருடம். ஆம்பூரில் மின்சாரக் கிடார் என்பது யானை மாதிரி. தெருவில் போனால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை பார்த்த சித்தப்பா, மெட்ராஸுக்குப் போய் அதைப் பழசாக வாங்கி வந்திருந்தார். நாளை மாலை தேவகியின் பள்ளியில் ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாட, சித்தப்பா கிடார் வாசிக்கப்போகிறார். இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தவள் தேவகிதான். மணி அடிக்கும் தாத்தாவைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிடாரின் ‘பிக்கப்’ கெட்டுப்போயிருந்தது.

பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே, சோப்புக்கட்டி அளவில் இருக்கும் கறுப்புப் பெட்டி. அதுதான் கிடாரின் காது. கம்பி அதிர்வதைக் கேட்டு, ஒயர் வழியாக ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும். ஆம்ப்ளிபயர் அந்தச் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கித் தெருவுக்கே கேட்கவைக்கும். செத்துப்போன பழைய பிக்கப்பைச் சித்தப்பாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி எடுத்தார். பிறகு கிடாரைத் தூக்கிக்கொண்டு அதாவுல்லா பாயின் ரேடியோ கடைக்குப் போனார். பாய் மெட்ராஸிலிருந்து புது பிக்கப் வரவழைத்துப் பொருத்திக் கொடுத்தார். தன் கையால் செய்த ஆம்ப்ளிபயர் பெட்டியையும் விழாவுக்காகக் கொடுத்தனுப்பினார்.

அப்படி வந்த கிடார்தான் இப்போது முனகிக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பெட்டியை வேறு மூலைக்கு நகர்த்திப் பார்த்தார். விளக்கைக்கூட அணைத்துப் பார்த்தார்.

இருட்டிலும் “ங்ங்ங்ங்” என்றது.

“விளக்கைப் போடுப்பா, சாம்பார் எங்க இருக்குதுன்னு தெரியல” என்று உள்ளேயிருந்து பங்கஜத்தின் குரல் வந்தது.

சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “இந்தப் பாய் ஏதோ ஓட்டை பிக்கப்பை என் தலையில கட்டிட்டார்!” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தேவகியும் பின்னாலேயே ஓடினாள்.

அதாவுல்லா பாயும் சித்தப்பாவும் சாதாரண சிநேகிதர்கள் அல்ல. கம்பெனியில் சங்கு ஊதியதும் சித்தப்பா நேரே ரேடியோ கடைக்குத்தான் போவார். டீ வரும். பேச்சு வளரும். பாயின் மகள் ஜஹீதாவும் தேவகியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

ஆனால் அன்று டீ வரவில்லை.

“இன்னா பாய், இப்படிப் பண்ணிட்டீங்க? கிடார் கொர்ருனு கத்துது!”

“என் கடையில நல்லாத்தானேப்பா பாடுச்சு? இதே மேஜை மேல வச்சு, இதே பெட்டியில போட்டுத்தானே பாத்தேன். உன் வீட்டு கரண்ட்ல ஏதோ கோளாறு.”

“என் வீட்டு கரண்ட் நல்லாத்தான் இருக்குது. உங்க வேலைதான் கோளாறு!”

பாய் கையிலிருந்த திருப்புளியை மேஜை மேல் வைத்தார். அவர் குரல் மெல்லியதாகிவிட்டது. “இத்தினி வருசத்துல என் வேலையை யாரும் இப்படிச் சொன்னதில்ல, பரந்தாமா.”

சித்தப்பா விறுவிறுவென்று திரும்பி நடந்தார்.

வழியில் தேவகியிடம், “இனிமே அந்தக் கடைப்பக்கம் போவாதே. நாளைக்கு நான் வாசிக்கவும் போறதில்ல. உங்க டீச்சர்கிட்ட சொல்லிடு” என்றார்.

பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்ததை நினைத்துக்கொண்டே தேவகி மெல்ல நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பாட்டு ஒத்திகை. ஜஹீதா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். தேவகி இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் யாருமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜஹீதா, “நாம ரெண்டு பேரும் டூவா?” என்று கேட்டாள்.

“தெரியலியே. நாம சண்டையே போடலியே!”

“அதான் நானும் யோசிச்சேன்.” ஜஹீதா நகர்ந்து பக்கத்தில் வந்தாள். “அத்தா நேத்து சரியாவே சாப்பிடல. ராத்திரி பூரா ஒரே பேஜார். ‘பரந்தாமன் என்னோட தோஸ்து, அவனே அப்படிச் சொல்லிட்டான்’னு அம்மாகிட்ட சொல்லிக்கினே இருந்தார்.”

“எங்க சித்தப்பாவும் தட்டுல கோலம் போட்டுட்டு எழுந்துட்டார்.”

தாயாரம்மாள் டீச்சர், “தேவகி, சித்தப்பா சாயங்காலம் சீக்கிரமே வந்துடுவாரில்ல?” என்று கேட்டபோது, வர மாட்டார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தலையை ஒரு பக்கமாக ஆட்டிவைத்தாள். அது ஆம் என்பதற்கும் பொருந்தும், இல்லை என்பதற்கும் பொருந்தும்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது, சித்தப்பா கிடாரைக் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே முனகல்தான்.

“இந்தா, நீயே வச்சுக்கோ. விளையாடு. எனக்கு இது வேணாம்” என்று கிடாரைத் தேவகியின் மடியில் வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போனார்.

கிடார் அவள் மடியிலும் “ங்ங்ங்ங்” என்றது. தேவகி அதைத் தரையில் படுக்கவைத்தாள். முனகல் கம்மியானது. மறுபடி மடியில் எடுத்தாள். முனகல் ஜாஸ்தியானது.

“ஏன், உனக்கு என் மடி பிடிக்கலியா?” என்று அதைக் கேட்டாள்.

அப்போது தணிகைவேல் தவழ்ந்து வந்தான். கிடாரில் செருகியிருந்த ஒயரின் முனையில் பளபளவென்று இருந்த இரும்பு பிளக் அவன் கண்ணில் பட்டுவிட்டது. பளபளப்பது எல்லாமே தின்பதற்குத்தான் என்பது அவன் எண்ணம். வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தான்.

“டேய், டேய்!” தேவகி சட்டென்று அந்தப் பிளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

வீடு அமைதியானது.

தேவகி கையை எடுத்தாள். “ங்ங்ங்ங்.”

மறுபடி பிளக்கைத் தொட்டாள். அமைதி.

கம்பிகளின் மேல் கை வைத்துப் பார்த்தாள். “ங்ங்ங்ங்.” கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டைத் தொட்டாள். அப்போதும் “ங்ங்ங்ங்.” பிளக்கைத் தொட்டால் மட்டும் கிடார் வாயை மூடிக்கொண்டது.

“சித்தப்பா! சித்தப்பா! இங்க வா!”

ஈரக் கையோடு வந்த சித்தப்பா, அவள் செய்து காட்டியதைப் பார்த்தார். கிடாரைத் தன் மடியில் வைத்துத் தானும் செய்து பார்த்தார். தொட்டால் அமைதி, விட்டால் முனகல்.

“இது இன்னா மாயமா இருக்குது?”

“அதாவுல்லா மாமாவைக் கேட்டா தெரியும்.”

சித்தப்பாவின் முகம் இறுகியது. “நான் போவ மாட்டேன்.”

“நீ போவ வேணாம். நான் போறேன். போகட்டுமா?”

சித்தப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவகி அதைப் போ என்றே எடுத்துக்கொண்டாள்.

ரேடியோ கடையில் அதாவுல்லா பாய் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். தேவகி கடை வாசலில் நின்று யோசித்தாள். ‘நீங்க வச்ச பிக்கப் கத்துது’ என்று சொன்னால் மாமாவுக்கு இன்னும் வருத்தமாகிவிடும். வேறு மாதிரி கேட்க வேண்டும்.

“மாமா, ஒரு சந்தேகம்.”

“இன்னாம்மா?”

“கிடார் மடியில இருந்தா ஜாஸ்தியா கத்துது. கீழ வச்சா கம்மியா கத்துது. கம்பியைத் தொட்டா அடங்கல. பிளக்கைத் தொட்டா மட்டும் டக்குனு அடங்கிடுது. அது ஏன் மாமா?”

பாய் நிமிர்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பிளக்கைத் தொட்டாவா? நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் மாமா. தணிகைக்குத்தான் முதல்ல தெரிஞ்சது. அவன் அதைத் தின்னப் போனான்.”

பாய் சிரித்துவிட்டார். நேற்றிலிருந்து அதுதான் அவருடைய முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளேயிருந்து ஜஹீதா ஓடிவந்து பார்த்தாள். பாய் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“வா, போய்ப் பாக்கலாம். ஜஹீதா, நீயும் வா.”

வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“தேவகி, உங்க சித்தப்பாவைக் கிடாரை மடியில வச்சுக்கச் சொல்லு” என்றார் பாய்.

சித்தப்பா இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் தேவகி, “சித்தப்பா, கிடாரை மடியில வச்சுக்கணுமாம்” என்றாள்.

“வச்சுட்டேன்னு சொல்லு.”

“வச்சுட்டாராம் மாமா.”

ஜஹீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாய் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். பிளக்கைத் தொடச் சொன்னார், விடச் சொன்னார். மெல்லத் தலையாட்டினார். “நான் மேஜை மேல வச்சே பாத்துட்டேன். யார் மடியிலயும் வச்சுப் பாக்கல. அதான் எனக்குத் தெரியல.”

“மடிக்கும் சத்தத்துக்கும் இன்னா மாமா?” என்றாள் தேவகி.

“வீடு பூரா கரண்ட் ஒயர் ஓடுது இல்ல? அதோட முனகல் நம்மைச் சுத்தி எப்பவும் இருக்கும். நம்ம காதுக்குத்தான் கேக்காது. அது நம்ம உடம்புல ஏறிக்கும். மடியில இருக்கிற கிடாருக்குக் கேட்டுடும். பிளக்கைத் தொட்டா, பெட்டியில இருக்கிற எர்த் ஒயர் வழியா அந்த முனகல் பூமிக்கு இறங்கிடும்.”

தேவகி யோசித்தாள். “வாசிக்கிறப்ப பிளக் மேல கை வச்சுக்க முடியாது. ஆனா, சித்தப்பா கை எப்பவும் கம்பி மேலதானே இருக்குது? கம்பியையும் பிளக்கையும் ஒரு ஒயரால சேத்துட்டா?”

பாய் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார். “அப்படி ஒரு ஒயர் ஏற்கெனவே இருந்திருக்கணுமே! இல்லன்னா பழைய பிக்கப்பும் கத்தியிருக்கும்!”

சுவரிலிருந்து மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கிடாரைத் திறந்தார். டார்ச் அடித்துத் தேடினார். இரும்புத் தகட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை. அதற்குள் ஒயர் துண்டு ஒன்று, வெட்டுப்பட்ட மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“இதோ! தகட்டுலருந்து வர்ற ஒயர். யாரோ வெட்டியிருக்காங்க.”

தேவகி சித்தப்பாவைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தாள். சித்தப்பாவுக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். இந்த முறை தேவகி வழியாகச் சொல்லியனுப்பவில்லை.

“நாந்தான் பாய். பழசைப் பிடுங்குறப்ப அது சிக்கிக்கிச்சு. வேணாத ஒயர்னு நெனச்சு வெட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லவும் மறந்துட்டேன். நான் பண்ணின தப்புக்கு உங்களைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

பாய் சால்டரிங் கோலின் முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எல்லாம் சரி. ‘ஓட்டை பிக்கப்’னு வேற சொன்னியாமே?” என்றார்.

“ஐயோ, அதை யாரு சொன்னது?”

ஜஹீதா தேவகியைப் பார்த்தாள். தேவகி கூரையைப் பார்த்தாள். பாய்தான் முதலில் சிரித்தார்.

கோல் சூடேறியதும் பாய் ஈயத்தை உருக்கி, புது ஒயர் ஒன்றை அந்தத் துண்டோடு ஒட்டி, மறுமுனையைப் பிளக் செருகும் இடத்தின் இரும்போடு சேர்த்தார். எல்லாவற்றையும் மூடி, திருகுகளை முடுக்கி, மின்சாரத்தையும் மறுபடி இணைத்தார். சித்தப்பா கிடாரை மடியில் வைத்து, கம்பிகளின் மேல் கையை வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

“போச்சு. மொத்தமா கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள் பங்கஜம்.

சித்தப்பா ஒரு கம்பியை மீட்டினார். தெளிவான ஒரு சுரம் எழுந்து, கூடம் முழுவதும் பரவி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. தணிகைவேல் இரண்டு கைகளையும் தட்டினான்.

அன்று மாலை பள்ளி மைதானத்தில் இடமே இல்லை. மணி அடிக்கும் தாத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடினார்கள். சித்தப்பா வாசித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் ஜஹீதாவுக்கு வரி மறந்துபோனது. தேவகி அவள் காதில் மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தாயாரம்மாள் டீச்சரும் சிரித்தார். சித்தப்பா அதே வரியை மறுபடி வாசித்து, அவர்களைப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

விழா முடிந்து திரும்பும்போது அதாவுல்லா பாய் ஆம்ப்ளிபயர் பெட்டியைச் சுமந்து வந்தார். சித்தப்பா கிடாரைச் சுமந்து வந்தார். பத்தடிக்கு ஒருமுறை இருவரும் நடுரோட்டில் நின்று, சத்தத்தை இன்னும் எப்படிக் கூட்டலாம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள்.

தேவகிக்கும் ஜஹீதாவுக்கும் நல்ல பசி. இருவரும் ஆளுக்கொரு சட்டை நுனியைப் பிடித்து, அந்த இரண்டு தோஸ்துகளையும் வீடுவரை இழுத்துக்கொண்டே போனார்கள்.