நதானியேல் கையில் இருக்கும் கோப்பு

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நதானியேல் அந்தக் கோப்பைத் திருத்தியிருந்தான். திரையின் ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது: கடைசித் திருத்தம் இன்று, 4.12. கையில் வைத்திருப்பவர், நதானியேல். நிவேதனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்து மாறவில்லை. நதானியேலை அடக்கம் பண்ணி அன்றோடு முப்பத்துநான்கு நாள்.

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புடைவைக் கடையின் மாடியில் அவர்களுடைய அலுவலகம். சனிக்கிழமை அரைநாள் என்றபடியால் மற்றவர்கள் ஒரு மணிக்கே போய்விட்டார்கள். காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தமும், கீழே சேற்றை வாரியடித்துக்கொண்டு போகிற பஸ்ஸின் இரைச்சலும், காலியான கதிரைகளுக்கு மேலே காற்றாடி சுற்றுகிற கிறீச்சும்தான் அவளுக்குத் துணை.

அந்த அலுவலகத்தில் மூன்று வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்று, வெளிநாட்டுச் சனத்துக்கான மரண அறிவித்தல் தளம். இரண்டாவது, கலியாணப் பொருத்தத் தளம். மூன்றாவது, ஒரு தனியார் மருத்துவமனைக்கு நோயாளரை இலக்கப்படி கூப்பிடுகிற செயலி. மூன்றுக்கும் ஆள்விபரம் வேண்டும்: பேர், பிறந்த திகதி, துணை, இறந்த திகதி. மூன்று இடத்தில் எழுதினால் மூன்று விதமாகப் பிழைக்கும் என்று நதானியேல்தான் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பொதுவான உறை ஒன்றில் போட்டான். உறைக்குக் ‘கிணறு’ என்று பேர் வைத்தான். நாலு வளவுக்கு ஒரு பங்குக் கிணறு இருக்கிற ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வீட்டுக்காரன் எதைப் போடுகிறானோ அதைத்தான் நாலு வீடும் குடிக்கும். ஆகவே சட்டமும் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் கோப்பு. எடுக்கிறவர் ஏன் எடுத்தேன் என்று எழுதிப் பூட்டவேண்டும், முடிந்ததும் விடவேண்டும். விடும்வரைக்கும் அவர் எழுதியது வெளியே தெரியாது. பூட்டை உடைத்தால் எழுதியது அழிந்துபோகும்.

டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நதானியேல் அதைக் கடைசியாக எடுத்திருந்தான். காரணத்துக்கு எழுதியிருந்தான்: ‘சின்ன வேலை ஒண்டு. வந்து விடுறன்.’

வரவில்லை.

புத்தியுள்ளவர்கள் என்றால் அடுத்த நாளே அவன் பேரை எடுத்திருப்பார்கள். ஆனால் செத்தவீட்டு வாசலில் நிற்கிறவனுக்கு எந்த ஊரில் புத்தி வேலை செய்திருக்கிறது? அலுவலகத்தை நடத்துகிற ஹெக்டர் சொல்லிவிட்டார்: “முப்பத்தோராம் நாள் ஆராதனை முடியட்டும். அதுக்கு முன்னம் அவன்ரை பேரிலை கை வைக்கக்கூடாது. பொன்மலர் அக்கான்ரை முகத்திலை பிறகு எப்பிடி முழிக்கிறது?” பொன்மலர், நதானியேலின் தாய். அப்படியாக ஒரு மாதம் முழுக்க, முதலாளி இல்லாத கடை கதவு திறந்தபடி கிடந்தமாதிரி, செத்தவனின் பேர் உள்ளே உயிரோடு கிடந்தது. ஆராதனை முடிந்ததும் கிணற்றைப் பராமரிக்கிற பொறுப்பு நிவேதனாவிடம் வந்தது. பூட்டை உடைக்கிற அதிகாரமும் வந்தது. மூன்று நாளாக அவள் உடைக்கவில்லை.

அவள் எழுந்துபோய் இரும்பு அலுமாரியைத் திறந்தாள். பொன்மலர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த அவனுடைய மடிக்கணினி, பையில் சுற்றியபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். கல்லுமாதிரிக் குளிர். பொத்தானை அமத்தினாள். உயிரில்லை.

கணினியின் நேரம் பிழைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பராமரிக்கிறவருக்கு மட்டும், பூட்டுக்குள்ளே எழுதிக் கிடப்பதைப் பார்க்க ஒரு வழி இருந்தது. இவ்வளவு நாளும் அவள் அதைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள்.

அவன் செய்த சின்ன வேலை இரண்டே சொல். தன்னுடைய வரிசையில், துணை என்ற இடத்தில்: நிவேதனா. அவளுடைய வரிசையில்: நதானியேல்.

மழையின் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது.

கோப்பைப் பரீட்சித்துப் பார்க்கப் பேர்கள் வேண்டும் என்று அவன் மேசை மேசையாகத் திரிந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. மரண அறிவித்தலுக்குத் தன் பேரைக் கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கம்பஸ் படித்தவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு தேத்தண்ணிக்கு எழும்பிப் போனார்கள். “சரி, ஆரும் வராட்டி நான் சாகிறன்” என்று சிரித்தவன் அவளிடம் வந்தான்.

“என்ரை பேரைச் செத்தவீட்டிலை போட்டா அப்பா என்னை உரிச்சுப்போடுவர். கலியாணத்துக்கெண்டா போடுங்கோ” என்றாள் அவள்.

“கிணறு ஒண்டுதானே நிவே. ஒரு வாளி ரண்டு வீட்டுக்கும் போகும். பிறகு என்னை ஏசமாட்டீரோ?”

“மாட்டன்.”

அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக இருவரும் விலை சொல்லாமலே ஒரு சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தகப்பன் தில்லைநாதன் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். நீர்வேலிக் கமக்காரனின் கண்ணைப் பார்த்தே குலையின் எடை சொல்லுகிற மனிதர். சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பொடியனைப் பற்றி அவரிடம் எப்படி வாயைத் திறப்பது? உடுப்பிட்டியில் அவனை அடக்கம் பண்ணியபோது, கோயிலின் கடைசி வாங்கில், அலுவலகத்து மலர்வளையத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி, கூட வேலை செய்த பிள்ளை எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அவள் அழுதாள். பங்குக்கு மேல் அழவில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. ஹெக்டர்.

“நிவே, பூட்டை உடைச்சாச்சோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“திங்கள் விடிய மூண்டு வேலையும் வெளியிலை போகவேணும். உடைச்சுப்போட்டு வீட்டை போம். வெள்ளம் ஏறுது.”

“அண்ணை… அவர் எழுதினது ஏதும் உள்ளுக்குக் கிடந்தா?”

“வியாபாரியின்ரை பிள்ளை, பழைய சரக்கைக் கழிக்கத் தெரியாதோ? போனவன் எழுதினதை வச்சு நாங்கள் என்ன செய்யிறது? பூட்டை உடையும்.”

திரையில் இரண்டு பொத்தான் இருந்தது. ‘பூட்டை உடை.’ ‘எழுதியதை ஏற்றுக்கொள்.’ உடைத்தால் அந்த இரண்டு சொல்லும் போய்விடும். உலகத்தில் வேறெங்கேயும் அவள் அவனுடைய மனைவி இல்லை. சாட்சி இல்லை, கடிதம் இல்லை, ஒரு படம்கூட இல்லை. இருட்டிக்கொண்டு வந்த அந்த அறையில் அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஈரச் சீலையும் ஸ்பிரிட்டும் கலந்த, ஆஸ்பத்திரி வார்ட்டின் மணம் ஒன்று எங்கிருந்தோ வந்து மூக்கைத் தொட்டது. கீழே கடையில் நிலம் துடைக்கிறார்கள் என்று நினைத்தாள். கடை இரண்டு மணிக்கே பூட்டியது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஏற்றுக்கொண்டாள்.

கலியாணத் தளத்தைத் திறந்து பார்த்தாள். நதானியேல், நிவேதனா. பக்கத்தில் பக்கத்தில், ஒரு பூச்சட்டத்துக்குள்ளே. அவள் திரையில் கையை வைத்துக்கொண்டு, முப்பத்துநான்கு நாளும் சேர்த்து வைத்ததை எல்லாம் அழுதாள்.

அழுது முடிந்தபோது பக்கத்துத் திரை தானாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனைச் செயலி. நடுவிலே பெரிய எழுத்தில்: அடுத்தவர், நிவேதனா. அந்தச் செயலிக்காகப் பதிவுசெய்து வைத்த பெண்குரல், வெறும் அறையில், மெதுவாக அவளைக் கூப்பிட்டது. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம்.

அவள் ஒலியை நிறுத்தினாள். நின்றது.

கோப்புக்குத் திரும்பினாள். ஏற்றுக்கொண்டால் பூட்டு விட்டிருக்கவேண்டும். விடவில்லை. கையில் வைத்திருப்பவர், நதானியேல். காரணம் மட்டும் மாறியிருந்தது.

‘வந்திட்டன்.’

தன் வரிசையிலிருந்து அவனுடைய பேரை அழித்தாள். வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. சாமானை வாங்கிப் பையில் போட்டபிறகு விலை பேசுகிறவளைச் சந்தையில் யார் மதிப்பார்? “நதா, விடுங்கோ” என்றாள் வாய்விட்டு. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஸ்பிரிட் மணம் தொண்டைவரை வந்திருந்தது.

மரண அறிவித்தல் தளம் திறந்துகொண்டது.

‘திருநெல்வேலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி நிவேதனா நதானியேல் அவர்கள்’ என்று இருந்தது. அதற்குப் பிறகு திகதிக்கு ஒரு வெற்றிடம். பிறகு: ‘காலமானார். அன்னார் தில்லைநாதனின் அன்பு மகளும், காலஞ்சென்ற நதானியேலின் பாசமிகு மனைவியும் ஆவார்.’

கோப்பு ஒன்று. ஒரு வாளி இரண்டு வீட்டுக்கும் போகும்.

கீழே, கண்ணீர் அஞ்சலி எழுதுகிற பெட்டியில், வரிகள் ஊரத் தொடங்கின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் திகதி ஞாயிற்றுக்கிழமை. நாளை.

ரொறன்ரோவிலிருந்து கமலாவதி மாமி: ‘போன கிழமைதானே பிள்ளை என்னோடை கதைச்சவள். நம்ப ஏலாமல் கிடக்கு.’

ஹெக்டர்: ‘நான் தனிய விட்டிருக்கக்கூடாது.’

அவள் கதவைப் பார்த்தாள். எட்டு அடி. கால் எழும்பவில்லை. காற்றாடி நின்றிருந்தது. மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

மூன்றாவது வரி மெல்ல மெல்ல வந்தது. எழுதத் தெரியாதவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமத்துகிற வேகம். பேர் வருமுன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது.

தில்லைநாதன்: ‘பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ஓம் எண்டிருப்பனே.’

“அப்பா.”

சத்தம் வரவில்லை.

உடைக்கவேண்டும். இப்போதே. அந்தப் பொத்தான். ஒரே ஒரு பொத்தான். அவள் கையைத் தூக்கி விசைப்பலகையில் வைத்தாள்.

மேலே, அறிவித்தலின் வெற்றிடத்தில், ஒரு இலக்கம் விழுந்தது. அவள் அமத்தவில்லை.

இன்னொரு இலக்கம். இன்றைய திகதி.

அவள் குனிந்து பார்த்தாள். தன் வலது கைக்குப் பக்கத்தில், அதே விசைப்பலகையில், இன்னொரு கை. வெளிறிப்போன, தண்ணீர் கோத்து வீங்கின, ஆணின் கை. புறங்கையில் வெள்ளைப் பிளாஸ்டர். அதற்குக் கீழே ஊசிக்குழாய் இன்னும் குத்தியபடி. இரண்டு விரலால், அவசரம் இல்லாமல், அது மாதத்தை அமத்தியது. பிறகு, வருடத்துக்குப் போகுமுன், எழும்பி வந்து, அவளுடைய விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டு, சம்மதம் கேட்பதுபோல, அப்படியே காத்திருந்தது.