தேடல்மானி

"கே, சி, என், ஈ" என்று கைப்பேசியைப் பார்த்து மரியசூசை படித்து முடிக்கவில்லை; "கிச்சன், சிக்கன், நெக்லஸ்" என்று ஒன்றுக்கு மூன்றாகக் கொட்டிவிட்டாள் ஜெபமணி.

"யெக்கா, மிசினே உங்ககிட்ட கைகட்டி நிக்கணும் போலுக்கே!" என்றான் அவன். ஆட்டோ ஓட்டுகிறவன். தூத்துக்குடி மனிதச் சான்று மையத்து வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றான். ஒன்றுமே படிக்காமல் தேர்வுக்கு வந்திருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

சிரித்துக்கொண்டே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பழைய சான்று இன்று மாலையோடு முடிகிறது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் ஷாரனுக்குப் பன்னிரண்டு நாளில் தலைப்பிரசவம். விசா கிடைக்கவில்லை. ஜெபமணியின் கணவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைக்காத தாய்க்கு மிச்சம் இருந்தது குரல் ஒன்றுதான்.

அந்தக் குரலுக்கும் வந்தது வினை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொய்க்குரல் ஜெபமணியைப் போலவே ஷாரனிடம் இருபது நிமிடம் பேசியது. தலைவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. பேச்சோடு பேச்சாகக் கதவின் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டது. ஷாரன் வேலை முடிந்து வந்தபோது வீடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. உலகமெங்கும் இதே கதை. குரல், முகம், அழைக்கும் எண், எதையும் நம்ப முடியாமல் போனபோதுதான் தேடல்மானி வந்தது. அது நான்கு ஆங்கில எழுத்துகளைக் காட்டும். அந்த நான்கும் எந்த வரிசையிலாவது இடம்பெறும் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். தேறினால் ஓராண்டுக்கு நீங்கள் மனிதர். தேறாவிட்டால் நீங்கள் யாரை அழைத்தாலும் அவர் திரையில் சிவப்புக் கோடு விழும்: 'இயந்திரமாக இருக்கலாம்.' முதல் ஆண்டு மட்டும் அடையாள அட்டையைப் பார்த்தே சான்று கொடுத்தார்கள். தமிழ்ப் பதிப்பு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பதினோரு மாதமாகச் சொல்கிறார்கள்.

தேர்வு என்று ஒன்று வந்தால் நம்மூரில் அதற்கு முந்தியே டியூஷன் வந்துவிடுமே. செல்லத்துரை சார் ஒரு மையம் தொடங்கிவிட்டார். இருபத்தாறு எழுத்தில் நான்கு நான்காகப் பொறுக்கினால் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கூட்டம் வரும். அதில் உருப்படியான சொல் அமைவது ஆறாயிரம் என்று கணக்குப் போட்டு, தலையணை மொத்தத்தில் நோட்ஸ் அடித்துவிட்டார். "யோசிச்சீங்கன்னா போச்சு" என்பது அவர் மந்திரம். 'ம்', 'வந்து', 'இருங்க' என்று வாயைத் திறந்தவர் அதே கேள்வியைப் பத்து முறை எழுத வேண்டும். ஐம்பத்தாறு வயதில் ஜெபமணி அந்த ஆறாயிரத்தையும் நெட்டுருப் போட்டாள். குளிக்கும்போதும் குழம்பு தாளிக்கும்போதும் எழுத்துகளை முணுமுணுத்தாள். இரண்டு மாதத்தில் அவள் நாக்கிலிருந்து தடுமாற்றமே ஓடிப்போயிருந்தது. மையத்தில் அவள்தான் முதல்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். திரையில் எழுத்துகள் வந்தன: வி, ஜி, எல், ஏ.

"வெஜிடபிள்."

அரை நொடிகூட ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"தேறலம்மா" என்றாள் மேசையிலிருந்த பெண். "பழைய சான்றும் இப்பவே ரத்து. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"என்னம்மா சொல்லுத? வெஜிடபிள்ல நாலும் இருக்கே! வில்லேஜும் சொல்லட்டுமா?"

"வார்த்தை சரிதாம்மா. ஆனா இது வார்த்தையைப் பாக்காது. நீங்க எப்படித் தேடுதீங்கன்னுதான் அது பாக்கும். மனுச மனசு ஒரு சொல்லுக்குப் போகும், இல்லன்னு திரும்பும், வேற எங்கயோ போயி முட்டும். நீங்க தேடவே இல்ல. தேடாமச் சொல்லுதது மிசின் மட்டுந்தான்."

"நான் படிச்சிட்டு வந்தேம்மா!" ஜெபமணி நெற்றிப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ரத்தமும் சதையுமா உன் முன்னாலதான நிக்கேன்."

"நிக்கீங்க. ஆனா மிசினுக்கு வாயை வாடகைக்கு விடுத ஆளுங்களும் இப்படித்தான் வந்து நிக்காங்க. எங்கையில ஒண்ணும் இல்லம்மா."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான்கு நிமிடம் கழித்து மரியசூசை பச்சைச் சீட்டோடு வந்தான். அவனுக்கு டபிள்யூ, ஆர், எச், ஈ. தலையைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, "ஹவர்… இல்ல… இருங்க…" என்று முனகி, கடைசியில் 'வாட்டர்' என்றானாம்.

"வாட்டர்ல எச் எங்கப்பா இருக்கு?"

"இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தேறிய மனிதன் ஆட்டோவை எடுக்கப் போனான்.

அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. ஆறு மாதம் என்றால் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். ஷாரனிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், அவள் புரிந்துகொள்வாள். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு முறை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டு அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"யாரு?" ஷாரனின் குரல் எட்டி நின்றது.

"ஷாரன், அம்மா பேசுதேன். சிவப்புக் கோடு காட்டும், பயப்படாத. தேர்வுல தேறல, அவ்வளவுதான். உடம்பு எப்படி இருக்கு?"

ஷாரன் மெதுவாக, "ஒண்ணு கேக்கேன். சின்னதுல எனக்குக் கை ஒடிஞ்சுதே, எந்தக் கை?"

"இடது கை. அஞ்சாங்கிளாஸ். ஜூலை மாசம். நாப்பது நாள் கட்டு."

கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. சரியான பதில்தான். மறுமுனையில் ஷாரன் அழுவது கேட்டது.

"எல்லாம் சேத்து வச்சிருக்கு" என்றாள், யாரிடமோ. பிறகு போனில், "எங்கம்மா ஒரு நாளும் என்னை நேராக் கூப்பிட்டதில்ல. எஸ்தருன்னுவா, விமலான்னுவா, ரெண்டு சித்தி பேரையும் சொல்லிட்டு, 'ச்சே, ஷாரனு'ன்னு அப்பறந்தான் எங்கிட்ட வருவா. நீ எடுத்த எடுப்புல ஷாரன்னு கூப்பிடுத."

ஆமாம், ஜெபமணி அப்படித்தானே கூப்பிடுவாள்! எப்போது நின்றது அது?

"எஸ்தரு… விமலா… ச்சே, ஷாரனு! ஏட்டி, அம்மாதாண்டி!" என்று கதறினாள்.

"பாத்தீங்களா" என்று ஷாரன் தன் கணவனிடம் சொல்வது கேட்டது. "சொன்ன உடனே கத்துக்கிட்டுது."

இணைப்பு அறுந்தது.