கீழேயிருந்து எடுத்த படம்

அந்தப் படம் மட்டும் கீழேயிருந்து எடுக்கப்பட்டிருந்தது. வீட்டில் கேமரா இருப்பது அலமாரியின் உச்சியில்; அது அனுப்பும் படங்களில் எப்போதும் தொட்டிலின் மேல்புறமும் மகளின் உச்சந்தலையும்தான் தெரியும். இதில் தொட்டிலின் அடிப்பலகை தெரிந்தது, கம்பிகளுக்கு வெளியே தொங்கிய சின்னக் கை தெரிந்தது, ஓரத்தில் பக்கத்துக் கட்டிலின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது.

ஆபீஸில் அவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு. பாஸ்வேர்டு விஷயத்தில் யாரையும் சும்மா விடமாட்டான். முதலாளியையே ஒருமுறை எல்லார் முன்னாலும் உலுக்கி எடுத்தவன். அப்பேர்ப்பட்டவன்தான், கிளை அலுவலகங்கள் ஃபைல் அனுப்புவதற்கென்று இருந்த சர்வரில் மகளின் படங்களுக்கு ஓசியில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டான். வாங்கிய மலிவுக் கேமராவில் பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் வசதியே இல்லை. அதனால் அந்த மூலைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், எதையும் வைத்துவிட்டுப் போகலாம் என்று திறந்துவிட்டான். நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு. அந்த நாளை வரவேயில்லை; மகள் இப்போது தவழவே ஆரம்பித்துவிட்டாள்.

“நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா பாக்க முடியாது” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தபோது காது மடல் சுட்டது.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசியின் விடாத முனகல், யாரோ திறந்துவைத்த டிபன் பாக்ஸின் புளித்த வாடை, சர்வர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் சிமிட்டும் பச்சை விளக்குகள். வந்துபோனவர்களின் பதிவைத் திறந்தான். முன்பின் தெரியாத ஆட்கள், மாதக்கணக்காக, வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி பாலூட்டும் படங்களும் அங்கேதான் இருந்தன. வெட்கத்தில் அவனுக்கு உடம்பே கூசியது.

முதலில் வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அவனோ பதிவை அழித்தான், அந்தப் படத்தை அழித்தான், மூலைக்குப் பாஸ்வேர்டு போட்டான். அதற்கப்புறம்தான் போனை எடுத்தான்.

“ஏங்க, இப்பதான் கண்ணு மூடுனா. என்ன விஷயம்?”

“நீ எங்க இருக்க?”

“தொட்டில் பக்கத்துலதான். ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?”

வெளியே ஓடு என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்.”

அப்போது திரையில் புதிதாக ஒரு படம் வந்து விழுந்தது.

கேமராவால் இனி உள்ளே வர முடியாது. அதைத்தான் அவன் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டானே. ஆனால் பூட்டுவதற்கு முன்பே உள்ளே நுழைந்திருந்த ஆளைப் பூட்டு வெளியே தள்ளாது.

திறந்தான். தரை. தொட்டிலின் கால். மனைவியின் வெறும் பாதங்கள். மிக அருகில்.

“ஏங்க, லைன்ல இருக்கீங்களா?”

இன்னொரு படம். அதே பாதங்கள். அவற்றைத் தொடப்போவதுபோல், கட்டிலடித் தூசு அப்பிய ஒரு கை நீண்டிருந்தது.